படகோட்டியைப் பேசவைத்த குழு

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. மூன்றாவதாக எங்கள் அலுவலகத்தின் 'கருவித் தேர்வுக் குழு'வைக் கண்டுபிடித்தது. அதன் செயலாளர் அடியேன். தற்பெருமை எனக்கு ஆகாது. உள்ளதை மட்டும் சொல்கிறேன்.

நாங்கள் வீடியோ கேம் தயாரிப்பவர்கள். எங்கள் கேமில் ஆற்றங்கரையில் ஒரு படகோட்டி நிற்பார். அக்கரைக்குக் கொண்டுவிடச் சொல்லி ஆடுபவர் கெஞ்சலாம், மிரட்டலாம், பொய்யும் சொல்லலாம். எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ அதற்கேற்பப் படகோட்டி பதில் சொல்லவேண்டும். இப்படிக் கிளை கிளையாகப் பிரியும் பேச்சை எழுதுவதற்கென்றே மென்பொருள்கள் ஏராளம். அவற்றுள் எது உத்தமம்? இந்த மகத்தான கேள்விக்காகத்தான் நாங்கள் கூடினோம்.

எழுதவேண்டியவர் 'கதையக்கா'. அப்போது அவருக்கு ஐந்தாம் மாதம்.

"எனக்கு எந்தக் கருவியானாலும் சரி சார். குழந்தை பிறக்கிறதுக்குள்ள எழுதி முடிச்சுடணும். இல்லேன்னா படகோட்டி வாயில்லாப் பூச்சியா நிப்பாரு" என்றார்.

குழுத் தலைவரின் முகம் சுண்டிப்போயிற்று. "எதுவானாலும் சரின்னு விட்டேத்தியாப் பேசக்கூடாதும்மா. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"படகோட்டிதான் சார்."

இந்தத் துடுக்கை நான் கூட்டக் குறிப்பில் ஏற்றவில்லை. பெருந்தன்மை.

முதல் கருவியில் பேச்செல்லாம் கட்டங்களாகத் தெரிந்தன. கட்டங்களை வளைந்த கோடுகள் இணைத்தன. தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"கட்டத்துக்கு மூலை வளைவா வராதா?"

"வரும் சார். ஆனா கோடு நேராப் போயிடும்" என்றார் புரோகிராமர்.

"அய்யய்யோ, வேணாம்."

இரண்டாவது கருவியில் கட்டமே கிடையாது, வெறும் எழுத்து. கதையக்கா அதில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படகோட்டியை முடித்துவிட்டார். அதைப் படித்துவிட்டுப் புரோகிராமர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். தலைவர் படிக்கவில்லை. நடுநிலை என்னாவது?

"கருவி முடிவாகறதுக்கு முன்னாடி எழுதினா அது எழுத்தே இல்லம்மா. அதுக்குப் பேரு 'முன்கூட்டிய தட்டச்சு'. அழிச்சிடலாம்."

"சார், படிச்சாவது பாருங்களேன்!"

"படிச்சா பிடிச்சுப்போயிடுமேம்மா. அப்புறம் எப்படி நியாயமாத் தேர்ந்தெடுக்கிறது?"

அழித்தது இந்தக் கைதான். அதன்பின் கருவிகள் வந்தன, போயின. ஒவ்வொன்றிலும் கதையக்கா முதலிலிருந்து எழுதினார்; ஒவ்வொன்றையும் நான் முதலிலிருந்து அழித்தேன். யார் அதிகம் உழைத்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

கடைசிக் கூட்டத்தில் அவர் மேசையை இறுகப் பிடித்துக்கொண்டார். "சார், வலி எடுத்துடுச்சு."

குழு பதறுமா? ஆம்புலன்ஸா, டாக்ஸியா, தலைவரின் காரா என்று உடனே ஒப்பீட்டில் இறங்கினோம். வேகம், இருக்கை வசதி, 'எதிர்காலத் தேவை' எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டோம். கார் முந்தியபோது சாவியைக் காணவில்லை. ஆம்புலன்ஸ் முந்தியபோது கதையக்காவையே காணவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் டாக்ஸி பிடித்துப் போய்விட்டார். குழுவின் தீர்மானத்துக்கு அவ்வளவுதான் மரியாதை.

பெண் குழந்தை. சுகப்பிரசவம்.

கேம் வெளிவந்தது. ஆடுகிறவர்கள் கெஞ்சுகிறார்கள், மிரட்டுகிறார்கள். படகோட்டி ஆற்றைப் பார்த்தபடி நிற்கிறார். முதலாளி எங்களிடம் விளக்கம் கேட்டார். இத்தனை மாதங்களில் கதையக்கா ஒரு படகோட்டியைத் திரும்பத் திரும்ப எழுதினார், அதற்கு நடுவே ஒரு முழு மனுஷியைப் பெற்றும் எடுத்தார். நாங்கள் ஒரு மென்பொருளைக்கூட முடிவு செய்யவில்லை. எனவே குழு, தன் வரலாற்றிலேயே முதன்முறையாக, ஒரே நிமிடத்தில் ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்தது: படகோட்டி ஊமையானதற்கு முழுமுதற் காரணம், எழுத்தாளர் எடுத்த பிரசவ விடுப்பு.