முன்சீட்டில் உங்கள் அத்தை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உங்கள் அத்தையும் நலமாக இருக்கிறாள். அதை நம்ப முடியாமல் காலையிலிருந்து நாலு முறை அடுக்களைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நீங்கள் கார் பந்தயக் குழுவின் செயலாளர். நான் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். போன மாதம் சாப்பாட்டு மேசையில், "ராலிக்குக் கூட்டமே வர மாட்டேங்குது மாமா, ஒண்ணும் தெரியாத ஆளா இருந்து நீங்க ஒரு யோசனை சொல்லுங்க" என்று கேட்டீர்கள். ஒன்றும் தெரியாத ஆள் என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. மூன்று மணி நேரம் வெயிலில் நின்றால் மூன்று விநாடி கார் தெரிகிறது, மிச்சமெல்லாம் புழுதி, யார் ஜெயித்தார் என்று வீட்டுக்குப் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே காருக்குள் பேசுவதை வழி நெடுக ஒலிபெருக்கியில் போடுங்கள் என்றேன். நமக்குத் தெரிந்தவர் யாரும் காரில் இல்லாவிட்டால் நமக்கென்ன ஆர்வம் வரும், ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் வேலையைச் சீட்டுக் குலுக்கிப் பொதுமக்களில் ஒருவருக்குக் கொடுங்கள் என்றும் சொன்னேன். வாய் சும்மா இருந்ததா? இல்லை. நீங்களாவது அதைக் கேட்டுவிட்டு மறந்தீர்களா? அதுவும் இல்லை.

சீட்டில் உங்கள் அத்தை பெயர் வந்தது. பெட்டியில் பெயரைப் போட்டவளும் அவளேதான் என்பதை நான் பின்னால்தான் அறிந்தேன். ஐந்து முறை ஜெயித்த மீசைக்காரர் வண்டியில் அவளை ஏற்றி, முதல் நாள் பாதையைச் சுற்றிக் காட்டிக் குறிப்பு எழுதச் சொன்னார்கள். வளைவுகளுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டு எழுதுவதுதான் முறையாம். உங்கள் அத்தை யாருக்கு வழி சொன்னாலும் எப்படிச் சொல்வாள் என்று உங்களுக்கே தெரியும். மஞ்சள் கேட் தாண்டி வலப்பக்கம், துணி காயப்போட்ட வீட்டில் நிதானம், தண்ணி லாரி நிற்கிற இடத்தில் இடப்பக்கம் என்று பதினொரு பக்கம் எழுதியிருக்கிறாள். மீசைக்காரர் அதைப் படித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பெருமைக்காகப் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மஞ்சள் கேட் வரைக்கும் எல்லாம் நல்லபடியாகப் போயிற்று. அப்புறம் ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது. "அடுத்தது தண்ணி லாரி. லாரின்னதும் ஞாபகம் வருது, எங்க பக்கத்து வீட்டு டாக்டர் கேட்டை இடிச்சது தண்ணி லாரி இல்லீங்க. எங்க வீட்டுக்காரர்தான். ரிவர்ஸ் எடுக்கிறப்ப இடிச்சிட்டு, பத்து வருஷமா லாரிக்காரன் மேல பழி போட்டுட்டிருக்கார்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். அந்த லாரிக்காரன் மேல் புகார் எழுதியதும் நான்தான், சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே, "ஐயய்யோ, லாரியக் காணோமே" என்றாள்.

முதல் நாள் நின்ற லாரி மறுநாளும் அங்கேயே நிற்குமா மாப்பிள்ளை? கார் திரும்பவே இல்லை. மேட்டில் ஏறி அப்படியே ஆகாயத்தில் போயிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன். குரல் மட்டும் கேட்டது. "பிரஷர் மாத்திரை நீல டப்பாவுக்குப் பின்னால இருக்கு. சாப்பிட்டப்புறம் ஒண்ணு. யாராச்சும் அவர்கிட்ட சொல்லிடுங்க, அவருக்குத் தேடி எடுக்கத் தெரியாது."

பிறகு ஒரு சத்தம். அப்புறம் எதுவுமே இல்லை. முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவள் போய்விட்டாள் என்றே நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டது டாக்டர்தான், கேட்டுக்குச் சொந்தக்காரர்.

கொஞ்ச நேரத்தில் இருமல் கேட்டது. "ஒண்ணும் ஆகல. மரக்கடை மரத்தூள் குவியல்லதான் விழுந்திருக்கோம். வண்டி ஓட்டுறவர்தான் தும்மிட்டே இருக்கார்."

ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்றிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் தெருவில் என்னை நிறுத்தி, "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்கிறார்கள். டாக்டர் கேட்கிறதில்லை. என்னைப் பார்த்தால் கேட்டைப் பார்க்கிறார்.

இந்த நிலைமையில், கூட்டம் மூன்று மடங்கு ஆகிவிட்டது, அடுத்த பந்தயத்துக்கும் அத்தைதான் என்று நேற்று நீங்கள் தகவல் அனுப்பியதைப் பார்த்து அதிர்ந்து போனேன். மேற்படி யோசனைகள் அனைத்தையும் இதன் மூலம் வாபஸ் வாங்குகிறேன். அவளை அந்த வண்டியில் இனி ஏற்றவே கூடாது. அவள் இல்லாமல் எனக்கு இருக்கத் தெரியாது. இதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

மகளுக்கும் உங்களுக்கும் எங்கள் ஆசீர்வாதம். ஆயுள் கெட்டியாக, நிதானமான வேகத்தில் நீண்ட காலம் வாழ்க.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை வாங்கிப் படித்துவிட்டாள். மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். மீசைக்காரர் இனி அவளோடு ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாராமே. "அப்ப நீங்க ஓட்டுங்க, நான் வழி சொல்றேன். போனா ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்" என்கிறாள். ஆகவே வாபஸை வாபஸ் வாங்குகிறேன். ஓட்டுநர் இடத்தில் என் பெயரை எழுதிக்கொள்ளவும். பாதையில் எங்கேயும் ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்காதே?