மீனம்பாக்கத்தில் பிடிபட்ட பாக்குவெட்டி

முருகன் துணை

மாட்டுங்கா, பம்பாய்
18-3-1975

மேற்கு மாம்பலம் தங்கை பங்கஜத்துக்கு, தி.நகர் அக்காள் சண்முகவடிவு பம்பாயிலிருந்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் மகள் ஜெயபாரதியும் மாப்பிள்ளை ஜவஹரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நான் விசாரித்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. இனிமேலும் விசாரிப்பதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் கடிதம் என்று எழுதினால் அதற்கு ஒரு முறை இருக்கிறதே, அதற்காகக் கேட்கிறேன். சௌக்கியமா? உன் வீட்டுக்காரர் பொன்ராஜுக்கு மூட்டுவலி தேவலையா? வலி என்று கீரைக்காரி சொன்னாள். நானாகக் கேட்கவில்லை.

நான் நாலாங்கிளாஸ்தான். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நீ எட்டாவது வரை படித்ததே நான் அடுப்படியில் கிடந்ததால்தான். உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். மற்றபடி பழசு எதையும் நான் மறக்கவில்லை.

1950 தை மாதம் வடபழனிக் கோயிலில் உனக்குக் கல்யாணம். அன்றைக்கு அம்மாவின் கிளிமூக்குப் பாக்குவெட்டியும் வெள்ளிச் சுண்ணாம்பு டப்பாவும் காணாமல் போயின. வெட்டாத கொட்டைப்பாக்கைக் கடித்து உன் மாமனாரின் தம்பிக்கு முன்பல் உடைந்து பாயசத்துக்குள் விழுந்தது. எவர்சில்வர் டம்ளர், இடது பக்கப் பல், எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீதான் இரண்டையும் பெட்டியில் ஒளித்துப் புருஷன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாய் என்று சொன்னேன். நான் பிள்ளை பெற்று எழுந்த பிறகு எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னேன். நீ முருகன் மேல் சத்தியம் செய்தாய். நான் நம்பவில்லை. அதிலிருந்து ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். அதே பந்தியில் எனக்கு இடுப்புவலி கண்டதும், நீ கழுத்தில் மாலையோடு என்னையும் என் தலையணையையும் ஜட்காவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், ஜெயபாரதி பிறந்ததும்கூட மறக்கவில்லை. வெளியே சொன்னதில்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்த ஜெயபாரதிக்குத் தலைப்பிரசவம். ரயிலில் போனால் பிள்ளை முந்திக்கொள்ளும் என்று மாப்பிள்ளை பிளேன் டிக்கெட் அனுப்பிவிட்டார். பெரிய பெட்டியைப் பிளேன்காரர்கள் வாங்கி உள்ளே போட்டுக்கொண்டார்கள். கையில் வெற்றிலைச் செல்லம், பிரசவ லேகியம், என் தலையணை மூன்றும்தான். அந்தத் தலையணை உனக்குத் தெரியும், நீல உறை போட்ட இலவம்பஞ்சுத் தலையணை. ஐந்து பிள்ளைகளையும் அதில் தலை வைத்துத்தான் பெற்றேன். ஒன்றுக்கும் ஒரு குறை வரவில்லை. ராசியைக் கலைக்கக்கூடாது என்று உறையை மாற்றுவேனே தவிர பஞ்சைப் பிரித்து அடித்ததே இல்லை. ஜெயபாரதியும் அதில்தான் பெறவேண்டும். அது போகாவிட்டால் நானும் பிளேனில் ஏறுவதில்லை என்று மகன் அய்யாதுரையிடம் சொல்லிவிட்டுத்தான் மீனம்பாக்கத்தில் இறங்கினேன்.

பிளேனைக் கடத்துகிறவர்கள் இருக்கிறார்களாம். அதனால் ஆளையும் சாமானையும் தடவிப் பார்த்துத்தான் விடுகிறார்கள். பெண்களுக்குத் தனியாகத் திரை கட்டி வைத்திருக்கிறது. உள்ளே பெண் போலீஸ், பெயர் வெரோனிகா, சாந்தோம் பக்கத்துப் பெண். செல்லத்தைத் திறந்ததும் என் தினப்படிப் பாக்குவெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“பாட்டி, இத்த பிளேன்ல எட்துக்கினு போவக் கூடாது.”

“ஏம்மா, இதைக் காட்டி பைலட்டை மாம்பலத்துக்குத் திருப்பச் சொல்லுவேன்னு பயப்படுதியா?”

“நீ சொன்னாலும் சொல்லுவே. மூஞ்சியப் பாத்தாலே தெரீது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், அதனால் விட்டேன். லேகியத்தை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். ஒரு உருண்டை வாயில் போட்டதும் இன்னொன்று கேட்டாள். பிறகு தலையணையை அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள்.

“உள்ள இன்னா கீது?”

“பஞ்சு.”

“பஞ்சு இவ்ளோ கெட்டியாவா இருக்கும்?”

“இருபத்தஞ்சு வருஷம் என் தலையைத் தாங்கினா நீயும் கெட்டியாத்தான் ஆவே.”

அவள் கேட்கவில்லை. திரைக்கு வெளியே மேஜைக்குக் கொண்டுபோனாள். இன்ஸ்பெக்டர் வந்தார், அப்துல் கய்யூம் என்று பெயர், மீசை பெரியது, பேச்சு மரியாதை. “அம்மா, கோச்சுக்காதீங்க, பிரிச்சுத்தான் ஆகணும்” என்றார். பிரிக்க வேண்டாம், ராசி போய்விடும், பிரசவ காரியம் என்று கெஞ்சினேன். பிரிக்காவிட்டால் தலையணை இங்கேயே இருக்கட்டும் என்றார். சரி, பிரியுங்கள் என்றால், பிரிக்க அங்கே ஒருவரிடமும் பிளேடும் இல்லை, கத்தரிக்கோலும் இல்லை. எல்லாரிடமிருந்தும் பிடுங்கியதை டப்பாவில் போட்டுப் பூட்டி, சாவிக்காரர் டீ குடிக்கப் போயிருக்கிறார். கடைசியில் என்னிடம் பிடுங்கிய பாக்குவெட்டியை என்னிடமே நீட்டி, “நீயே வெட்டிக் குடு பாட்டி” என்றாள் வெரோனிகா. கவர்மெண்டு கேட்டது, வெட்டிக் கொடுத்தேன். தலைக்கு மேலே காற்றாடி முழு வேகத்தில் ஓடுகிறது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. மூலையில் இறுகிக் கட்டியாய்ப்போனதைத் தவிர பஞ்சு மொத்தமும் ஒரே மூச்சில் எழும்பியது. இன்ஸ்பெக்டரின் மீசை நரைத்துப்போனது. கோட்டுப் போட்ட ஒருவர் தும்மத் தொடங்கினவர் பம்பாய் வரை தும்மினார். அந்தக் களேபரத்தில் மேஜை மேல் டங்கென்று ஒன்று விழுந்தது.

பித்தளை. கிளிமூக்கு. ஒரு கண்ணில் சிவப்புக் கல், இன்னொரு கண்ணில் குழி. ஒன்பது வயதில் நீ ஊக்கால் நோண்டி எடுத்த கண்தான் பங்கஜம், அதே குழி. தலையணை ஓரத்தைப் பார்த்தேன். சிவப்பு நூலில் இரட்டைத் தையல். என் தையல் எனக்குத் தெரியாதா?

இன்ஸ்பெக்டர் முகம் மாறிவிட்டது. ஒரு பாக்குவெட்டியைக் கையில் கொடுத்து, இன்னொன்றைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுவந்தால் எந்தப் போலீஸ்தான் சும்மா இருக்கும்? “இது யாருடையது, ஏன் ஒளிச்சீங்க, உண்மையைச் சொல்லுங்க” என்றார். எனக்குப் பின்னால் நாற்பது பேர் வரிசை. வெளியே பிளேன் உறுமுகிறது. அப்போதுதான் எனக்கு எல்லாம் திரும்பி வந்தது. உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், பாக்குவெட்டி பங்கஜத்துக்குத்தான் என்று அம்மா அப்பாவிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். மூத்தவள் நான் இருக்கிறேன், உனக்கா என்று வயிறு எரிந்தது. எடுத்துத் தலையணையில் வைத்துத் தைத்தேன். மறுநாள் வலி வந்தது, பிள்ளை வந்தது, ஜன்னி கண்டது, தைத்தது போயே போய்விட்டது. பாயசத்தில் விழுந்த பல் ஞாபகம் இருக்கிறது, இது இல்லை. இத்தனை வருஷக் கழுத்துவலிக்கு உன் வயிற்றெரிச்சல்தான் காரணம் என்று நான் சொல்லாத ஆள் மாம்பலத்தில் பாக்கி இல்லை.

அதை அப்படியே எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதினேன். “நானே ஒளித்து வைத்துவிட்டு, ஒரு தப்பும் செய்யாத என் தங்கை மேல் பழி போட்டேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த மனுஷர் அதை மனசுக்குள் படித்திருக்கலாம். சத்தமாகப் படித்தார். வரிசையில் நின்ற ஒரு அம்மாள், “ஐயோ பாவம், அந்தத் தங்கச்சி!” என்றாள். இரண்டு மூன்று பேர் உச்சுக்கொட்டினார்கள். இருபத்தைந்து வருஷம் பித்தளைமேல் தலை வைத்துப் படுத்தவள் நான். எனக்குப் பாவம் சொல்ல ஒரு நாதி இல்லை.

“சொந்தக்காரர்னு யார் பேரை எழுதட்டும்? உங்க பேரா?” என்று கேட்டார். என் பேரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பங்கஜம் என்று வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டுச் சிரித்தார். “எங்க அக்காவும் இப்படித்தாம்மா. ஆனா அவங்க எழுதிக் கொடுக்க மாட்டாங்க” என்றார். அப்புறம் வெரோனிகா காற்றாடியை நிறுத்தினாள். நாற்பது பேரும் குனிந்து பஞ்சு பொறுக்கினார்கள். தும்மினவர் தன் கோட்டுப் பையிலிருந்துகூட ஒரு கை எடுத்துக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் எங்கிருந்தோ ஊசி வரவழைத்தார். அவர் காவல் நிற்க, நான் தரையில் உட்கார்ந்து தைத்தேன். தையல் முடிந்ததும் கை தட்டினார்கள். அந்தப் பிளேனில் போன அத்தனை பேர் தலையிலும் பஞ்சு. தினப்படிப் பாக்குவெட்டியை வெளியே நின்ற அய்யாதுரையிடம் கொடுத்துவிட்டார்கள். கிளிமூக்கு ஒளித்துக் கொண்டுவந்த சாமானாம், பேர் எழுதின சொந்தக்காரரே ஒரு மாசத்துக்குள் வந்து வாங்க வேண்டுமாம், தவறினால் உருக்கப் போய்விடுமாம்.

வெள்ளிக்கிழமை காலை ஜெயபாரதிக்கு அந்தத் தலையணையில் சுகப்பிரசவம். பெண். ராசி போகவில்லை. மூக்கு உன் மூக்கு, யார் என்ன செய்ய முடியும்?

ஆகையால் இன்ஸ்பெக்டர் கொடுத்த சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். மீனம்பாக்கம் போய் அப்துல் கய்யூம் என்று கேள். உன் பேரில் எழுதியிருக்கிறது, வாங்கிக்கொள், அது உன்னுடையது. மன்னிப்பு என்றெல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதே. கவர்மெண்டுக்கே எழுதிக் கொடுத்தாயிற்று, வேண்டுமானால் அங்கேயே வாங்கிப் படித்துக்கொள். ஆனால் சுண்ணாம்பு டப்பாவை எடுத்தவள் நீதான். பாக்குவெட்டியைத் தைத்தது ஞாபகம் வந்த எனக்கு டப்பாவைத் தைத்தது மட்டும் வராமலா போகும்? அதை அய்யாதுரையிடம் கொடுத்தனுப்பு. அது வரும்வரை நீ என் வீட்டுப் படி ஏற வேண்டாம், நானும் ஏறுவதில்லை.

உன் பிள்ளைகள் நூறு வயது இருக்கட்டும். பொன்ராஜுக்கு முட்டியில் வேப்பெண்ணெய் தடவச் சொல். உனக்கு என் ஆசீர்வாதம், பெரியவள் என்ற முறைக்கு.

இப்படிக்கு,
அக்காள்
சண்முகவடிவு

பி.கு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் பேத்தி தலையணையை நனைத்துவிட்டாள். வெயிலில் காயவைக்க ஜெயபாரதி பிரித்தாள். மூலைப் பஞ்சுக்குள் சுண்ணாம்பு டப்பா. வெரோனிகாவுக்குத் தப்பியது பேத்திக்குத் தப்பவில்லை. மேலே எழுதினதை அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும், நீயே அந்த இடத்தை விட்டுவிட்டுப் படித்துக்கொள். படி ஏறலாம். டப்பாவுக்குள் சுண்ணாம்பு கல்லாகக் காய்ந்திருக்கிறது. அம்மா கடைசியாக விரலால் தொட்டெடுத்த குழி அப்படியே இருக்கிறது. என் விரலை வைத்துப் பார்த்தேன், தடிமன், நுழையவில்லை. உனக்குத்தான் அம்மாவின் விரல். நான் வைகாசியில் வருகிறேன். நீ வந்து வைத்துப் பார்.