காருக்கு ஏற்றிய டிரிப்ஸ்

பழைய எண்ணெய் கடைசிச் சொட்டு வரைக்கும் இறங்கித் தொட்டியில் விழுந்த பிறகுதான், புது எண்ணெய் ஊற்ற வேண்டிய போல்ட் திறக்காது என்பது மருந்துக்கடைக்காரருக்குத் தெரிந்தது.

கியர் பெட்டியில் இரண்டு போல்ட். கீழே இருப்பது இறக்குவதற்கு, மேலே இருப்பது ஊற்றுவதற்கு. ஊற்றுகிற வாய் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறக்குகிற வாயில் கை வைக்க வேண்டும். விவரம் தெரிந்த எவரும் அப்படித்தான் செய்வார்கள். நம்ம ஆள் அதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, காருக்கு அடியில் மல்லாந்து படுத்து அந்த மேல் போல்ட்டைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். விடிந்தால் அந்தக் காரில்தான் அவர் மனைவிக்குக் கார் பந்தயக் கிளப்பின் அணித் தேர்வு.

மனைவி பல் டாக்டர். வாரநாள் முழுக்க அதே காரில்தான் கிளினிக்குக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமை பின்சீட்டைக் கழற்றி வராந்தாவில் வைத்துவிட்டு, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு பந்தயத் தடத்துக்குக் கிளம்பிவிடுவாள். அவள் ஒரு வளைவில் காரைத் திருப்புவதைப் பார்க்க வேண்டும். இருபது வருஷம் குடித்தனம் நடத்திய பிறகும் மனிதருக்கு வாய் பிளந்துவிடும். பக்கத்தில் நிற்பவர் யாரென்றே தெரியாமல் கையைப் பிடித்து, "அது என் வீட்டுக்காரிங்க" என்பார்.

போன வருஷம் கிளப் அணியில் இடம் மயிரிழையில் நழுவிப் போனது. இந்த வருஷம் ஒரே ஓர் இடம். அடுத்த வருஷம் வயசு வரம்பு தாண்டிவிடும். விட்டால் விட்டதுதான்.

இந்த நேரம் பார்த்து இரண்டாவது கியர் போடும்போதெல்லாம் 'கர்ர்க்' என்று ஒரு சத்தம். ஊரார் பல்லையெல்லாம் பார்க்கிறவளுக்குச் சொந்தக் காரின் கியர் பல்லைப் பார்க்க நேரமில்லை, நாமே எண்ணெயை மாற்றி அசத்திவிடுவோம் என்று முடிவுகட்டினார். தேர்வுக்கு முந்தின நாள் காருக்கு ஓய்வு வேண்டும் என்று அவள் பஸ்ஸில் போனது நல்லதாகப் போயிற்று. சனிக்கிழமை மத்தியானமே கடையை அடைத்துவிட்டுக் காரியத்தில் இறங்கிவிட்டார்.

"என்ன சார், ரொம்ப நேரமா உங்க காலு மட்டும்தான் தெரியுது?"

குரல் மேல்வீட்டு என்ஜினியருடையது. மனிதர் பாலம் கட்டுகிறவர். அதற்குக் குறைந்த வேலையெல்லாம் தனக்குத் தண்ணி பட்ட பாடு என்பது அவர் எண்ணம்.

"போல்ட் வர மாட்டேங்குது சார்."

"இதுக்குப் போய் மல்லுக்கட்டிக்கிட்டு. நெம்புகோல் நீளமா இருந்தா எதுவும் அசையும். இருங்க, பைப் எடுத்துட்டு வரேன்."

ஸ்பேனரின் பிடியில் இரும்புப் பைப்பைச் சொருகி இரண்டு பேரும் சேர்ந்து தம் கட்டி இழுத்தார்கள். அசைந்தது. அசைந்தது ஸ்பேனர் மட்டும்தான். போல்ட்டின் தலை மூலையெல்லாம் மழுங்கி, சுட்ட கோலிக்குண்டு மாதிரி உருண்டையாகிவிட்டது.

"இப்ப என்ன சார் பண்றது?"

"இப்பத்தான் சார் வேலை சுவாரசியமாகுது" என்றார் என்ஜினியர்.

அளவில் சின்ன சாக்கெட் ஒன்றைச் சுத்தியலால் அடித்து அதன் தலையில் இறுக்கி, திரும்பவும் தம் கட்டினார்கள். மருந்துக்கடைக்காரரின் விரல் முட்டித் தோல் உரிந்தது. போல்ட்டும் கழன்றது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு பெருமூச்சு விட்டார்.

அடுத்த சிக்கல் உடனே வந்தது. அந்த ஓட்டை கியர் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிறது. பாட்டிலைக் கவிழ்க்க இடமே இல்லை. என்ஜினியர் தாடையைச் சொறிந்தார். ஆனால் மருந்துக்கடைக்காரர் மருந்துக்கடைக்காரர்தானே. கடைக்கு ஓடிப்போய் ஒரு சலைன் டியூபோடு வந்தார். பானட்டைத் திறந்து, பாட்டிலை அதில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, டியூபின் மறுமுனையை ஓட்டைக்குள் விட்டார். உண்மையிலேயே அருமையான ஏற்பாடு. என்ஜினியரே கைகொடுத்துப் பாராட்டினார்.

மகள் டியூஷனிலிருந்து வந்து, வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா, காரை எப்ப அட்மிட் பண்ணினீங்க?"

"சும்மா இரு. அம்மாவுக்கு இது சர்ப்ரைஸ்."

"அது தெரியுது. ஆனா சொட்டு கூட இறங்கலையே."

இறங்கவில்லைதான். எண்ணெய் அவ்வளவு கெட்டி. அது வந்த கதை வேறு. உதிரிபாகக் கடையில், "பந்தயத்துக்கு ஓட்டற கார்" என்று இவர் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டார். "அப்ப சாதா எண்ணெயெல்லாம் தாங்காது சார்" என்று கடைக்காரர் இருப்பதிலேயே கெட்டியானதை, இருப்பதிலேயே விலை கூடியதை எடுத்து நீட்டினார். தன் கடையில் ஒருத்தர் வந்து "ஸ்ட்ராங்கான மாத்திரையாக் கொடுங்க" என்றால் அரை மணி நேரம் புத்தி சொல்லுகிறவர், இங்கே மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"சூடு பண்ணினா இளகும்" என்றார் என்ஜினியர்.

பால் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தார்கள். கியர் எண்ணெய் சூடானால் எப்படி நாறும் என்பதை எழுதிக் காட்ட முடியாது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். எண்ணெய் மட்டும் சமர்த்தாக இளகி, டியூப் வழியாகக் கியர் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது.

தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். முதல் கியர் விழுந்தது. இரண்டாவது விழவே மாட்டேன் என்றது. இதற்குப் பழைய 'கர்ர்க்'கே தேவலாம். முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு திரும்பி வந்தபோது, மகள் கார்க் கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"'மெல்லிய எண்ணெய் மட்டுமே ஊற்றவும். கெட்டியான எண்ணெயில் கியர் எளிதில் விழாது.' கொட்டை எழுத்துல போட்டிருக்கான்பா. டப்பாவுக்குள்ள இருக்கற துண்டுச் சீட்டைப் படிக்காம மருந்து சாப்பிடக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்வீங்களே."

அவர் உதிரிபாகக் கடைக்குப் போன் போட்டார். மெல்லிய எண்ணெய் திங்கட்கிழமைதான் வருமாம்.

"பாதியை இறக்கிட்டு, பழைய எண்ணெயைக் கலந்து விடுங்க. நடுத்தரமா வந்துடும்" என்றார் என்ஜினியர். ஊர்ப்பட்ட யோசனை அவரிடம் இருந்தது.

பழைய எண்ணெயை டீ வடிகட்டியில் வடிகட்டி, கலந்து ஊற்றி, மறுபடி ஓட்டிப் பார்த்தார். இப்போது இரண்டாவது கியர் விழுந்தது. ஆனால் விழும்போது தெருநாயெல்லாம் எழுந்து நிற்கிற மாதிரி ஓர் அலறல். என்ஜினியருக்கு மேல்வீட்டில் திடீரென்று ஏதோ வேலை ஞாபகம் வந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த மனைவி வாசலிலேயே மூக்கைச் சுருக்கினாள்.

"என்னங்க நாத்தம் இது? ஏன் இப்படிக் கரியும் எண்ணெயுமா நிக்கறீங்க?"

ஒளித்துப் பேச அவருக்கு வராது. போல்ட்டிலிருந்து பால் பாத்திரம் வரைக்கும் ஒன்று விடாமல் கொட்டிவிட்டார்.

"நீ ஜெயிக்கணும்னுதான் பண்ணினேன். இப்ப நானே குறுக்க விழுந்துட்டேன் போலிருக்கு. வேற கார் ஏதாவது கேட்டுப் பார்க்கட்டுமா?"

அவள் அவருடைய உரிந்த விரல் முட்டியைப் பார்த்தாள். சாவியை வாங்கிக்கொண்டு தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு போனாள். அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார். திரும்பி வந்து இறங்கினவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நல்லாத்தாங்க இருக்கு. என் கைக்கு விழுது. முதல்ல போய்க் குளிங்க."

மனிதருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எண்ணெய் இப்போதுதான் உள்ளே பரவி செட்டாகியிருக்கும் என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டே குளிக்கப் போனார்.

மறுநாள் தடத்தில் ஒவ்வொரு காராக விட்டார்கள். வளைவு வந்தால் உறுமும், முனகும், மறுபடி உறுமும். கடைசியில் அவள் முறை வந்தது. மருந்துக்கடைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு வேலியோரம் நின்றார். ஒரு 'கர்ர்க்' கேட்டாலும் போதும், அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பார்.

கேட்கவில்லை. கார் ஒரே சுருதியில் பாடிக்கொண்டு வந்தது. மற்றவர்கள் பிரேக்கை மிதித்துப் பம்மிய வளைவுகளில் எல்லாம் இவள் வேகத்தைச் சிந்தவிடாமல், தடத்தின் ஓரத்தை உரசிக்கொண்டு, வழுக்கிக்கொண்டு போனாள். இப்படி ஒரு ஓட்டத்தை அவர் அவளிடமே பார்த்ததில்லை. வேலியோரம் பேச்சு நின்றுவிட்டது. கிளப் ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நேரத்தை அறிவித்தபோது அணியில் இடம் அவளுக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். காலையிலிருந்து அவளுடைய காரைக் கவனித்துக்கொண்டிருந்த கிளப் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். அவன் தோளில் கைபோட்டார்.

"பார்த்தியா தம்பி? கியர்ல ஒரு கரகரப்பு, ஒரு சத்தம்? ஓட்டினது அவ கை. அது வேற யாருக்கும் வராது, ஒத்துக்கறேன். ஆனா எண்ணெய்க்கும் ஒரு பங்கு உண்டுல்ல? ரெண்டையும் கலந்து ஊத்தினது என் யோசனை."

மெக்கானிக் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"எந்த எண்ணெயைச் சொல்றீங்க சார், கியர் பாக்ஸ் தாங்காதுன்னு அக்கா மூணாவதுல போட்டவங்க, கொடி விழுற வரைக்கும் கியரையே மாத்தலையே."