மீனுக்கு வந்த இருமல்

நேற்றுச் சாயங்காலம் பிரார்த்தனை முடிந்து வரும் வழியில், ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடி லிஃப்ட்கார அண்ணன் எனக்குச் சொன்னது இது. "இருமல் எப்படி இருக்கு அண்ணே?" என்று நான்தான் கேட்டேன். "எனக்கு அது வரவே இல்ல தங்கச்சி" என்று ஆரம்பித்தார். அந்த இருமலுக்காகப் பதினெட்டு நாள் வேண்டிக்கொண்டவள் நான். போகட்டும். வேண்டினது வீண் போகாது, யாருக்கோ போய்ச் சேர்ந்திருக்கும்.

அண்ணன் நாற்பது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர். பாதி வழியில் மாட்டிக்கொண்டவர்களைக் கதவு திறந்து வெளியே எடுப்பதில் கெட்டிக்காரர். அவர் ஓய்வு பெற்றார். மகனும் மகளும் ஆளுக்கொரு திசையில் வேலைக்குப் போனார்கள். மிஞ்சியது அவரும், அண்ணியும், கூடத்தில் ஒரு உப்புத்தண்ணீர்த் தொட்டியும். அதில் ஏழு கடல்மீன்கள். பிள்ளைகள் போன பிறகு அண்ணி அதிகம் பேசியது அந்த ஏழோடுதான்.

போன வருஷம் அண்ணன் புதிதாக ஒரு மீன் வாங்கினார். "புதுசை முப்பது நாள் தனித்தொட்டில வெச்சுப் பாருங்க. நோய் இருந்தா அதுக்குள்ள தெரிஞ்சிடும். அதுல விட்ட கைய இதுல விடாதீங்க" என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். அண்ணன் நேரே கொண்டுவந்து கூடத்துத் தொட்டியில் விட்டார். பத்தே நாள். எல்லா மீன் மேலும் உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. ஆரஞ்சு நிறக் குட்டி ஒன்றைத் தவிர எல்லாம் போய்விட்டன. அண்ணி மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் ஒரே வாக்கியம்.

"இனிமே நீங்க இந்த வீட்டுக்குள்ள ஒரு மீன் கொண்டு வந்தீங்க, நான் மக வீட்டுக்குப் போயிடுவேன்."

ஆனால் அந்த ஒற்றை மீன் கண்ணாடியில் தெரியும் தன் நிழலோடு உரசிக்கொண்டு நிற்பதைப் பார்க்க அண்ணனுக்குத் தாங்கவில்லை. அதற்குத் துணை வேண்டும். இந்தத் தடவை முறைப்படி முப்பது நாள் தனியே வைக்க வேண்டும். அண்ணிக்கும் தெரியக் கூடாது. ஒரு சின்ன மஞ்சள் மீனை மகளுடைய பழைய அறையில் தனித்தொட்டி வைத்து அதில் விட்டார். பிறகு இரும ஆரம்பித்தார்.

"தொத்து இருமலாம். டாக்டர் முப்பது நாள் தனியா இருக்கச் சொல்லிட்டார்."

"எந்த டாக்டர்?"

"புதுசா வந்தவர்."

"இருமலுக்கா முப்பது நாள்?"

"கொஞ்சம் நீளமான இருமல்."

அண்ணி சரி என்று சொல்லிவிட்டார். முப்பத்தாறு வருஷத்தில் அவர் இவ்வளவு சீக்கிரம் சரி என்றதே கிடையாது. அங்கேயே அண்ணன் உஷாராகியிருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் கதவுக்கு வெளியிலிருந்து குரல். "என்னங்க, உள்ள கொரகொரன்னு ஒரு சத்தம்?"

அது மீன் தொட்டியின் காற்று பம்ப். "நெஞ்சுச் சளி."

"மூச்சு விடாம கொரகொரங்குதே."

"விடாப்பிடியான சளி."

"வாளில உப்புத்தண்ணி கொண்டு போனீங்களே, அது?"

"தொண்டைக்குக் கொப்பளிக்க."

"வாளிலயா?"

அண்ணன் பதிலுக்கு இருமினார். பதில் இல்லாத இடமெல்லாம் இருமல்தான்.

சாப்பாட்டுத் தட்டு வாசற்படிக்கு வரும், காலியாகத் திரும்பும். மகளின் கட்டில் அவருக்கு ஒரு சாண் குட்டை. சாயங்காலம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடிக்கிற நேரத்தில் இப்போது ஒரே டம்ளர். அந்த நேரம் பார்த்துக் கூடத்தில் அண்ணி யாரிடமோ மெல்லப் பேசுவது கேட்கும். சில நாள் சிரிப்பும் கேட்கும். மீனிடம்தான். இங்கே மஞ்சள் மீன் ஒரு மூலையில், அண்ணன் ஒரு மூலையில். "யாருக்கு யார் காவல்னே தெரியல தங்கச்சி" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் அண்ணனால் தாங்க முடியவில்லை. மஞ்சள் மீன் நன்றாகத்தானே நீந்துகிறது? இன்றைக்கே கொண்டுபோய் விட்டுவிட்டால், இன்றைக்கே இருமல் குணம். அண்ணி கடைக்குப் போனதாக நினைத்து, மீனை ஒரு குவளையில் ஏந்திக்கொண்டு கதவைத் திறந்தார்.

அண்ணி கூடத்தில் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது.

"அப்படியே உள்ள கொண்டு போங்க. இன்னும் பதினெட்டு நாள் இருக்கு."

"உனக்கு எப்படி..."

"மனுஷ நெஞ்சுன்னா நடுவுல மூச்சு விடும். உங்க சளி பன்னிரண்டு நாளா ஒரு தடவகூட நிக்கலியே."

அண்ணன் தலை குனிந்தார். குனிந்த கண்ணுக்குத் தொட்டி தெரிந்தது. ஆரஞ்சுக் குட்டியின் பக்கத்தில் இன்னொரு ஆரஞ்சுக் குட்டி.

"இது யாரு?"

"நான் வாங்கினது. முப்பது நாள் துணி துவைக்கிற இடத்துல, கூடைக்கு அடியில வெச்சிருந்தேன். போன வாரம்தான் விட்டேன்."

"என்கிட்ட மட்டும் வீட்டுக்குள்ள மீனே கூடாதுன்ன?"

"நீங்க கொண்டு வரக் கூடாதுன்னேன். அது தனியா நின்னுச்சு. நீங்களும் அது முன்னாடி தனியா நின்னீங்க. வந்து பார்ப்பீங்கன்னு நாலு நாளா இந்த நாற்காலிய எதிர்ல போட்டு வெச்சிருக்கேன்."

அண்ணன் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார்.

"முப்பது நாளும் எனக்குத் தெரியவே இல்லியே!"

"துணி துவைக்கிற பக்கம் ஒரு நாளாவது எட்டிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். அதனாலதான் எனக்கு இரும வேண்டியே வரல."

"சரி, இதை உள்ள வெச்சிட்டு நான் வந்து உட்காரட்டுமா?"

"அந்தத் தண்ணில விட்ட கையோடயா? நீங்க அவசரப்பட்ட லட்சணத்துக்குத்தான் போன வருஷம் அத்தனையும் போச்சு. முப்பது நாள் தொத்தும்னு பிள்ளைங்ககிட்டயும் சொல்லியாச்சு. உள்ள போங்க. டீ வரும்."

பாதியில் மாட்டிக்கொண்ட எத்தனையோ பேரை வெளியே எடுத்தவர், குவளையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நேற்றுக் கணக்குக்கு இன்னும் பதினோரு நாள் என்றார். இன்றைக்குப் பத்து. நீங்கள் அந்த வழியாகப் போனால், ஜன்னல் பக்கம் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.