ரூட்டு அண்ணனும் போனில் விழுந்த புள்ளிகளும்

காரணமே இல்லாத இடத்துக்குப் போய் நின்று சந்தோஷப்படுகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் அமரவிளையில் இருக்கிறார். பெயர் ரூட்டு அண்ணன். ஞானஸ்நானத்தின்போது வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். அதைச் சொல்லி விசாரித்தால் அவர் மனைவி லில்லி அக்காவே, "அப்பிடி இஞ்ச யாரும் இல்லியே" என்று கதவைச் சாத்திவிடுவார்.

நான் நெய்யாற்றின்கரையில் வேலை பார்த்தபோது அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். வேலையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை ஒரே ரூட்டில் பஸ் ஓட்டியவர் அவர். "கண்ண மூடிட்டு ஓட்டுவேன் மக்கா" என்பார். அதில் பயணம் செய்தவர்களும் அவர் அப்படித்தான் ஓட்டினார் என்று சத்தியம் செய்வார்கள். ஆனால் அந்த ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்துக்குள்கூட அவர் நுழைந்ததில்லை.

ஓய்வு பெற்றதும், வெளிநாட்டில் இருக்கும் மகள் ஒரு போன் அனுப்பினாள். அதில் ஓர் ஆப். வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் காட்டும். பொத்தானை அழுத்தினால் வட்டத்துக்குள் எங்காவது சிவப்பாக ஒரு புள்ளி விழும். ஏன் அங்கே என்று கேட்கக் கூடாது, அதற்கே தெரியாது. அப்பா காலாற நாலு இடம் பார்க்கட்டும் என்று மகள் நினைத்தாள். அப்பா அதை டிப்போவிலிருந்து வந்த உத்தரவாக எடுத்துக்கொண்டார். சனிக்கிழமைதோறும் ஸ்கூட்டரைக் கிளப்புவார். பின்னால் நான். ஒரு தடவைதான் அழுத்துவார். இடம் பிடிக்கவில்லை என்று மறுபடி அழுத்துவது கிடையாது.

"பெல் அடிச்சாச்சுன்னா வண்டி எடுத்திரணும். அதாக்கும் சட்டம்."

ஒரு முறை ஆரியங்கோட்டில் ஒரு ரப்பர் தோட்டத்தின் நடுவில் புள்ளி விழுந்தது. போய் நின்றோம். பால் எடுத்துக்கொண்டிருந்த பெண், "ஸ்தலம் வாங்கானாணோ சேட்டா?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"நிலம் ஒண்ணும் வாங்கல்ல. சும்மா நிக்க வந்தோம்."

இந்தப் பதில்தான் வினையானது. சும்மா நிற்க எவனாவது ஸ்கூட்டரில் வருவானா? புது ரோட்டுக்கு அளக்க வந்திருக்கிறார்கள் என்று செய்தி பரவி, கொஞ்ச நேரத்தில் ஊரே கூடிவிட்டது. தோட்டத்துச் சொந்தக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"எனக்க பறம்புல புள்ளி போட்டது எவம்லே?"

"போன் போட்டது" என்றார் அண்ணன், பணிவாக. கூட்டத்தில் ஒருவர் உற்றுப்பார்த்து, "எலே, இது நம்ம பஸ் டிரைவர் அண்ணனாக்கும்! ரோட்ட விட்டு இறங்கி இவர நான் பாத்ததே இல்லியே!" என்று கத்தியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. கடைசியில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் தந்துதான் அனுப்பினார்கள்.

இன்னொரு முறை குளத்துக்குள் விழுந்தது. அண்ணன் தயங்கவில்லை. நெஞ்சளவு தண்ணீரில் போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அண்ணா, சோப்பு வேணுமா?" என்றார்.

பிறகுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது. புள்ளி குன்னத்துகால் பக்கம் விழுந்திருந்தது. லில்லி அக்கா எட்டிப் பார்த்தார்.

"இது உங்க அண்ணனுக்க வாழத்தோப்புல்லா?"

ரூட்டு அண்ணனின் முகம் மாறிவிட்டது. அவருக்கும் அவருடைய மூத்தவருக்கும் பல வருடமாகப் பேச்சு இல்லை. சபைக் கமிட்டித் தேர்தலில் அண்ணனும் தம்பியும் எதிரெதிராக நின்று, இரண்டு பேருமே தோற்றுப்போனார்கள். ஒருவர் ஜெயித்திருந்தாலாவது சமாதானம் ஆகியிருக்கும். உன்னால்தான் நான் தோற்றேன் என்று இருவருமே நம்பிக்கொண்டிருந்தார்கள். அதற்குப்பின் ஒருவர் முதல் ஆராதனைக்குப் போனால் மற்றவர் இரண்டாவதுக்குப் போனார்.

"இன்னொரு தடவை அழுத்திருவோமே அண்ணா" என்றேன்.

"பெல் அடிச்சாச்சு மக்கா" என்று முனகிவிட்டு வண்டியை எடுத்தார். வழியெல்லாம் சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப் போனார்கள்.

மூத்தவர் வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"என்னத்துக்கு வந்தே?"

"உன்னப் பாக்க வரல்ல. உனக்க தோப்புல ஒரு எடத்துல நிக்கணும். நின்னிட்டுப் போயிருவேன்."

மூத்தவர் என்னைப் பார்த்தார். "இவனுக்கு தலைக்கு சொகம் இல்லியா?"

நான் ஆப்பைப் பற்றி விளக்கினேன். அவர் முகம் இன்னும் இறுகியது.

"அப்ப நீயா வரல்ல. போன் சொல்லி வந்திருக்கே."

"போன் எடத்தச் சொல்லிச்சு. வந்தது நானாக்கும்."

மூத்தவர் சட்டென்று திரும்பித் தோப்புக்குள் நடந்துவிட்டார். அவ்வளவுதான், கிளம்பலாம் என்று நான் நினைத்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எந்தப் பக்கம்லே? எனக்க தோப்புல எனக்குத் தெரியாத எடம் எது உண்டு?"

மூன்று பேருமாகத் தேடினோம். புள்ளியை நெருங்க நெருங்க, போன் எங்களை இங்கும் அங்குமாகத் தள்ளியது. "அங்ஙன மிதிக்காதலே, கன்னு நிக்குது!" என்று மூத்தவர் திட்டிக்கொண்டே வந்தார். ஒரு வழியாக இடம் அகப்பட்டது. சகோதரர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

"இனி என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யண்டாம். சும்மா நிக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

மற்ற இடங்களில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்புகிறவர் ரூட்டு அண்ணன். அன்றைக்கு வாழை இலைகளைப் பார்த்தபடி, "கொஞ்சம் நேரம் உண்டு" என்றார்.

வெகுநேரம் கழித்து மூத்தவர்தான் பேசினார். "ரொம்ப மெலிஞ்சு போனியே. சாப்பிடுறது இல்லியா?"

அடுத்த சனிக்கிழமை நான் கிளம்பிக் கீழே வந்தால், ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் மூத்தவர் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புள்ளி பாறசாலைப் பக்கம் விழுந்திருந்தது. அங்கே எந்த வழியாகப் போவது என்று அண்ணனும் தம்பியும் அப்போதே சண்டையை ஆரம்பித்திருந்தார்கள்.

"மக்கா, நாங்க போயிட்டு வாறோம்" என்றார் ரூட்டு அண்ணன். வண்டி வளைவு திரும்பிய பிறகும் சண்டைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் வாசலிலேயே நின்றேன். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை என்பது அதுவரை ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை.