நம் வலையில் விழுந்த மூன்று கோல்கள்

என் முள்ளெலிக்கு,

க்ளெனிஸ் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், கொதிகலன் நலமில்லை. கடிதம் என்றால் முதலில் எதிராளியின் சுகத்தைக் கேட்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னது நினைவிருக்கிறது. மீதியைச் சொல்லிக் கொடுப்பதற்குள் நான் பட்டாணி டின் அடைக்கும் வேலைக்குப் போய்விட்டேன். நீ செத்து ஐந்து வாரம் ஆகிவிட்டதால் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன். மற்றபடி விடாத மழை. கல்லறைக் கல்லைச் சொன்ன தேதிக்குக் கொடுக்கவில்லை. உன் தங்கை டோரீன் போன் செய்தாள், அவளும் நலம், வழக்கம்போல ஒரு மணி நேரம் நலம்.

விஷயம் என்னவென்றால், சனிக்கிழமை நான் கால்பந்து பார்க்கப் போனேன். எழுந்து உட்காராதே, சொல்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை நார்மன் வந்தார். ரசிகர் பேருந்துக்குப் பொறுப்பாளர், பொறுப்பாளர் என்று நீ சொல்லிச் சொல்லி அவரை ஏதோ மந்திரி என்று நினைத்திருந்தேன். வாசலில் நின்றது ஒரு நனைந்த தொப்பியும் ஒரு எலுமிச்சை கேக்கும்தான். உள்ளே வந்து உட்கார்ந்து, கேக்கில் முக்கால்வாசியை அவரே தின்றுவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அவரு சீட்டு விஷயமாத்தான் வந்தேம்மா," என்றார்.

"என்ன சீட்டு?"

"பேருந்துல அவரு சீட்டு. ஏழாம் வரிசை. ரெண்டு வெளியூர் ஆட்டத்துக்குத் தொடர்ந்து ஆள் வரலைன்னா சீட்டு அடுத்தவருக்குப் போயிடும். உங்க வீட்டுக்காரர் எழுதின விதிதாம்மா அது."

"அவர் செத்துப்போனதால வரல, நார்மன்."

"அதுக்கு விதியில எடமில்லையே. ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஒண்ணு போச்சு. அடக்கத்தன்னைக்கு நடந்த ஆட்டத்தை நாங்க சேர்க்கல, பேருந்தே சர்ச்சுலதான நின்னுச்சு. வர்ற சனிக்கிழமை பென்விக்ல கோப்பை ஆட்டம். அன்னைக்கும் காலின்னா, சீட்டு கீத்துக்கு. வீட்டு ஆள் யாராச்சும் வந்து உக்காந்தா சீட்டு வீட்டோட நிக்கும்."

கீத்தை எனக்குத் தெரியும். பத்தொன்பது வருஷமாக உனக்குப் பின்னால் உட்கார்ந்து உன் பிடரியைப் பார்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போனவன். அடக்கத்தில் என்னைவிட அதிகமாக அழுதவன். ஓகோ, அதனால்தான் அழுதாயா என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். உன் சட்டைகளை மூட்டை கட்டி டோரீனிடம் கொடுத்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் பல் செட்டைக் குப்பையில் போட்டபோதும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் பார்த்தே இராத ஒரு பேருந்தில், நான் பார்த்தே இராத ஒரு சீட்டில், கீத் தன் பின்பக்கத்தை இறக்குவதை நினைத்ததும் பொறுக்கவில்லை. "நான் வர்றேன்," என்றேன். நார்மன் கையிலிருந்த கேக் துண்டு தட்டில் விழுந்தது. நாற்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் ஒரு ஆட்டம்கூடப் பார்க்காதவள் நான்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் முட்டை சாண்ட்விச், குடை, என் சிவப்பு மழைக்கோட்டு, உன் பச்சைக் கழுத்துத்துணி எல்லாவற்றோடும் போய் நின்றேன். கழுத்துத்துணி மாட்டிறைச்சிச் சூப்பும் சிகரெட்டும் கலந்து நாறியதால் வெள்ளிக்கிழமை இரண்டு தரம் அலசிக் காயப்போட்டிருந்தேன். நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைப்பு. பேருந்தில் ஏறியதும் நார்மன் அதை முகர்ந்து பார்த்தார்.

"இதைத் தொவைச்சீங்களா?"

"பின்ன? அந்த நாத்தத்தை எவ கழுத்துல போடுவா?"

"தொண்ணூத்தி நாலுல கோப்பையில நாலாம் சுத்து வரைக்கும் போனப்ப கட்டியிருந்தது. ராசி போயிடும்னு அப்புறம் அதுல தண்ணியே படல."

பேருந்து முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. அந்த மாதிரிப் பார்வை எனக்கு இப்போது நன்றாகப் பழகிவிட்டதால் நான் உன் சீட்டில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து ஜன்னல் சீட்டு காலியாக இருந்தது. "லாவெண்டர் வாசனை வருது," என்றது பின்னாலிருந்து கீத்தின் குரல், "தோத்தோம்னு வச்சுக்க." மூன்று மணி நேரப் பயணத்தில் அவன் பேசியது அவ்வளவுதான்.

பென்விக் மைதானம் என்பது ஒரு பக்கம் உரக்கிடங்கு, மறுபக்கம் ரயில் பாதை, நடுவில் சேறு. பார்க்க வந்தவர்கள் முந்நூறு பேர் இருக்கலாம், அதில் நாம் இருபத்து மூன்று, நாய் ஒன்று. உன் ஆட்கள் எல்லாரும் ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால் போய்க் கூட்டமாக நின்றார்கள், நானும் நின்றேன். உட்கார இடம் இருக்கிறதா என்று கேட்டேன், மேடை அந்தப் பக்கம் இருக்கிறது, ஆனால் அங்கே உட்காருகிறவர்கள் ஆட்டம் பார்க்கிறவர்கள் இல்லை என்றார் நார்மன். பிறகு பொறுமையாக எனக்குப் பாடம் எடுத்தார். "ரொம்ப ஒண்ணும் தெரிஞ்சுக்க வேணாம்மா. இது நம்ம வலை. இதுல பந்து விழுந்தா கத்துங்க. அந்தக் கோடியில விழுந்தா தலையில கை வையுங்க. அவ்வளவுதான் கால்பந்து." நாற்பத்தொரு வருஷமாக நீ சாப்பாட்டு மேசையில் உப்புக் குடுவையையும் மிளகுக் குடுவையையும் நகர்த்தி நகர்த்திப் புரிய வைக்காததை அந்த மனுஷன் ஒரு நிமிஷத்தில் புரிய வைத்தார். இருபதாவது நிமிஷத்தில் நான் கைப்பைக்குள் சாண்ட்விச் தேடிக்கொண்டிருந்தபோது எல்லாரும் குதித்தார்கள். பந்து நம் வலையில் கிடந்தது. நானும் கத்தினேன், சாண்ட்விச்சோடு. அடித்தது யார் என்று பார்க்கவில்லை. பச்சை ஆட்களாகத்தான் இருக்கும், நம் நிறம் பச்சைதானே.

பாதி ஆட்டம் முடிந்து டீ ஜன்னலில் ஒரு வரிசை, பெண்கள் கழிப்பறைக்கு ஒரு வரிசை. கழிப்பறை ஒன்றே ஒன்றுதான், அதற்குத் தாழ்ப்பாள் இல்லை, ஆளுக்கு ஆள் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லாம் முடிந்து திரும்பும்போது ஆட்டம் தொடங்கிவிட்டது. நான் என் பழைய இடத்திலேயே, நம் வலைக்குப் பின்னால் போய் நின்றேன். நார்மனைக் காணோம். அவருக்கும் வரிசை நீளம் போல என்று நினைத்தேன். கீத்தைக் காணோம், நிம்மதி. சுற்றிலும் பச்சைக் கழுத்துத்துணிகள், காலையில் பார்த்ததைவிட நிறைய. தாமதமாக வந்த நம் ஊர்க்காரர்கள் என்று சந்தோஷப்பட்டேன். பக்கத்தில் நின்ற பருத்த அம்மாள் என் கோட்டைப் பார்த்துவிட்டு, "தனியாவா வந்தே கண்ணு?" என்றாள். "வீட்டுக்காரர் போயிட்டாரு," என்றேன். "எம்புருஷனும்தான், எதுத்த வீட்டுக்காரியோட," என்று ஒரு மிட்டாயை நீட்டினாள். நான் திருத்தவில்லை. ஐந்து வாரமாக எல்லாரும் என்னிடம் தலையைச் சாய்த்துத்தான் பேசுகிறார்கள், அவள் ஒருத்திதான் நேராக வைத்துப் பேசினாள்.

அப்புறம் பச்சை ஆள் ஒருவன் தலையால் முட்டினான், பந்து நம் வலைக்குள். நான் கத்திய கத்து உரக்கிடங்கு வரை கேட்டிருக்கும். அந்த அம்மாள் என்னைத் தூக்கிவிட்டாள். கடைசி நிமிஷத்தில் இன்னொன்று. இந்த முறை யார் யாரைத் தூக்கினோம் என்றே தெரியவில்லை, முகம் தெரியாத ஒரு ஆள் என் உச்சந்தலையில் முத்தம் கொடுத்தான். விசில் ஊதியதும் மூன்றுக்குப் பூஜ்யம், கோப்பையில் அடுத்த சுற்று என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பேருந்துக்கு வந்து, படியேறி, இரண்டு கையையும் தூக்கி, "மூணு! மூணு அடிச்சோம்!" என்றேன்.

உள்ளே இருபத்திரண்டு பேர். ஒருவரும் அசையவில்லை. நாய் மட்டும் வாலை ஆட்டியது.

"க்ளெனிஸ்ம்மா," என்றார் நார்மன், சாவுச் செய்தி சொல்கிற குரலில், "பாதிக்கு அப்புறம் ரெண்டு அணியும் பக்கம் மாறும். நாம எந்த வலையில அடிக்கிறமோ அதுக்குப் பின்னாடி நாமளும் நடந்து மாறுவோம். அவங்களும் மாறுவாங்க. வழியில பாத்துத் தலையாட்டிக்குவோம். நூறு வருஷமா அப்படித்தான்."

"எனக்கு யாரும் சொல்லல."

"சொல்ல வேண்டிய விஷயமா அது?"

"பச்சைதான நாம?"

"அவங்களும் பச்சை. அதனால இன்னைக்கு நாம மஞ்சள்."

"ரெண்டுக்கு ஒண்ணு, வெளிய போயாச்சு," என்றான் கீத். "எதிர்க் கோடியில நின்னு பாத்தேன். அவங்க நடுவுல ஒரு செவப்புக் கோட்டு, எல்லாரையும்விட ஒசரமா குதிச்சுது."

நார்மன் விதிகள் எழுதிய நோட்டை எடுத்தார். உன் கையெழுத்து, எனக்குத் தெரியும், கடைச் சாமான் பட்டியலில்கூட அப்படித்தான் அழுத்தி எழுதுவாய். ஒன்பதாம் விதி: எதிரணி கோலுக்கு ஆரவாரம் செய்தவர் சீட்டு உரிமையை இழப்பார், திரும்பும்போது கழிப்பறைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். "எவனாச்சும் எப்பவாச்சும் இதைச் செஞ்சிருக்கானா?" என்று கேட்டேன். "இல்லம்மா. இப்படி ஒரு ஆள் பொறக்கவே முடியாதுன்னு சொல்லித்தான் அவரு எழுதினாரு." பாதிப் பேர் எனக்காகப் பேசினார்கள், துக்கத்தில் இருப்பவள் என்றார்கள். ஆனால் விதி உன்னுடையது, உன் விதியை உன் சீட்டுக்காக மீறினால் நன்றாக இருக்காது என்று நானே எழுந்து பின்னால் போய்விட்டேன். மூன்று மணி நேரம் கழிப்பறைக் கதவு என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. கீத் ஏழாம் வரிசையில் போய் உட்காரவில்லை, தன் இடத்திலேயே இருந்தான். உட்கார்ந்திருந்தால் திட்டியிருக்கலாம்.

ஆக, சீட்டு போயிற்று. காப்பாற்றத்தான் போனேன், நானே தொலைத்துவிட்டேன். மன்னிப்பு கேட்கவில்லை, விதி எழுதியது நீ. இனி அந்தப் பேருந்தின் பக்கம் போகமாட்டேன். கழுத்துத்துணியை மாதாகோயில் பழைய துணிப் பெட்டியில் போடப் போகிறேன், மணக்கிறது, யாராவது எடுத்துக்கொள்வார்கள். கால்பந்தோடு எனக்கு இருந்த தொடர்பு தொண்ணூறு நிமிஷம், அது முடிந்தது.

டோரீன் அன்பைச் சொல்லச் சொன்னாள். பக்கத்து வீட்டார் விசாரித்தார்கள். கர்த்தர் உன்னை ஈரமில்லாத இடமாகப் பார்த்து வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
பதிவேட்டில் உள்ளபடி உன் மனைவி,
க்ளெனிஸ்

பின்குறிப்பு: மேலே எழுதியது ஞாயிற்றுக்கிழமை. இன்று திங்கள். காலையில் கீத் வந்தார், பேருந்தில் நான் விட்ட சாண்ட்விச் டப்பாவைக் கொடுக்க. கழுவிக் கொண்டு வந்திருந்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் மிதியடியில் காலைத் தேய்த்துக்கொண்டே நின்றார். "நான் கேட்டது அவன் சீட்டை இல்லீங்க," என்றார். "பக்கத்து ஜன்னல் சீட்டை. அங்கதான் காத்து அடிக்காது, எனக்குக் காது வலி. பத்தொன்பது வருஷமா அது காலி. கோட்டைப் போட்டு வச்சிருப்பான். ஆள் இருக்குன்னுவான். யாருக்குடான்னு கேட்டா, என் க்ளெனிஸுக்கு, இந்த வாரம் அவளுக்குத் தலைவலி, அதான் வரலன்னுவான். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதான். பத்தொன்பது வருஷமா உங்களுக்குத் தலைவலிங்க."

எனக்குத் தலைவலி வந்ததே இல்லை. சனிக்கிழமை காலையில் நீ என்னிடம் சொன்னது எல்லாம் "போயிட்டு வர்றேன்" மட்டும்தான்.

பிறகு கீத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "வர்ற சனிக்கிழமை வர்றீங்களா? ஜன்னல் சீட்டுல நீங்க, அவன் சீட்டுல நான்," என்றார். சரி என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. நேற்றே துணிப் பெட்டியில் போட்ட கழுத்துத்துணியைப் போய் எடுத்து வந்துவிட்டேன்.

கேட்பதற்கு ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை அவருக்கு. நீ ஏன் ஒரு தடவைகூட என்னைக் கேட்கவில்லை?