வீட்டுக்காரியை சிஸ்டர் என்று கூப்பிட்டது

நேற்று எனக்கு ஒரே ஒரு வேலைதான். வீட்டுக்காரியை ஹட்டனில் கண் கிளினிக்குக் கூட்டிப் போய், ஆபரேஷன் கடதாசியில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும்.

அந்தத் தேதி ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப் போனது. காரணம் நான்தான். எங்கள் ஜெப சபையிலிருந்து மன்னார்ப் பக்கம் இரண்டு வாரம் ஊழியத்துக்குப் போனார்கள். நானும் போனேன். வலது கண்ணில் புகை மூடின மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு இவள் வீட்டில் இருந்தாள்.

அங்கே யாருக்கும் பேர் கிடையாது. ஆண்கள் எல்லாரும் பிரதர், பெண்கள் எல்லாரும் சிஸ்டர். பொம்பளைகளிடம் பேசக் கூச்சப்படுகிற எனக்கு அந்தச் சொல் ரொம்ப வசதியாகப் போய்விட்டது. சோறு கேட்டாலும் சிஸ்டர். வழி விடச் சொன்னாலும் சிஸ்டர்.

இவளை நான் கல்யாணமான நாளிலிருந்து "இந்தா" என்றுதான் கூப்பிடுவேன். பேர் சொன்னது கிடையாது.

வீடு வந்த அன்றைக்கே, தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். எங்கள் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் வேறு யாரும் இல்லை.

அதற்குப் பிறகு எவ்வளவு அடக்கியும் நாக்கு கேட்கவில்லை. நேற்று பஸ்ஸில் மட்டும் மூன்று தடவை. பக்கத்து சீட் அம்மா இவளிடம், அண்ணன் ரொம்பத்தான் தாங்குகிறாரே என்று சொன்னார். இவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிளினிக்கில் நம்பரைக் கூப்பிட்டதும், இவள் கண் சரியாகத் தெரியாமல் வேறு கதவுப் பக்கம் நடந்தாள். நான் எழுந்து சத்தம் போட்டேன்.

"சிஸ்டர், அங்க இல்ல, இங்க வாங்க!"

வந்தது இவள் இல்லை. பெரிய நர்ஸ். ஆஸ்பத்திரியில் அவரைத்தானே சிஸ்டர் என்பார்கள். யாருக்கு என்ன ஆச்சு என்று பதறி வந்தவரிடம், உங்களை இல்லைங்க, அதோ அந்த சிஸ்டரை என்று இவளைக் காட்டினேன்.

அதுதான் வினையாகிப் போனது. கடதாசியை எடுத்து நான் பேனாவைத் திறந்ததும், அவர் அதன்மேல் கையை வைத்தார்.

"இதுல வீட்டுக்காரருதான் கையெழுத்து வைக்கணும். அண்ணன் தம்பி வைக்க ஏலாது."

நான்தான் வீட்டுக்காரர் என்றேன். இப்போதுதானே சிஸ்டர் என்றீர்கள் என்றார். சபை, மன்னார், பழக்கம் என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். என் காதுக்கே அது பொய் சொல்கிறவன் பேச்சு மாதிரி இருந்தது. இன்றைக்குக் கையெழுத்து இல்லையென்றால் இந்தத் தேதியும் போய்விடும் என்றார்.

பிறகு இவளிடம், வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார்.

இவள் என்னைக் கை காட்டினால் முடிந்தது. சேலையைச் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"அவரு மன்னாருக்கு ஊழியத்துக்குப் போனாருங்க மிஸ். இன்னும் வந்து சேரல."

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் இவள் பேரைச் சொன்னேன்.

"ஞானம், நீங்களாச்சும் சொல்லுங்க."

கூடவே மரியாதையாக 'நீங்க' வேறு. நர்ஸுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

ஞானத்துக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"பேரு தெரியுமா உங்களுக்கு? அங்க உள்ள சிஸ்டருக்கெல்லாம் தண்ணி தூக்கிக் குடுத்தீங்களாமே. இங்க நான் ஒத்தக் கண்ணோட தடவித் தடவி வெறகு பொறுக்கினேன். மொதல்ல உங்க மூக்குக் கண்ணாடியத் தொடைங்க. கையெழுத்து கோணலாப் போகும்!"

நர்ஸ் கையை எடுத்துவிட்டார்.

"வைங்கய்யா. இப்படி ஏச தங்கச்சியால ஏலாது."

வைத்தேன். கோணலாகத்தான் போனது.

ஆபரேஷன் வருகிற வெள்ளிக்கிழமை. வார்டில் ஏதாவது தேவையென்றால் நான் வாயைத் திறக்கக் கூடாது, கையை மட்டும் தூக்கினால் போதும் என்று ஞானம் சொல்லியிருக்கிறாள்.